அத்தான் ஓடவிட்ட இடம்

அந்தக் கசற்றின் முதுகில் இரண்டு துவாரங்கள். இரண்டையும் உடைத்தவர் அத்தான். இரண்டையும் அடைத்தவர் அக்கா. கசற் காலத்தைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு கசற்றின் பின்விளிம்பிலும் நகக்கண் அளவில் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை முறித்துவிட்டால் அதற்கு மேல் எவரும் எதையும் பதிய முடியாது. முறித்த இடத்தை எதையாவது வைத்து அடைத்தால் மறுபடியும் பதியலாம். அத்தான் திருப்புளி நுனியால் சுத்தமாக முறித்திருந்தார். அக்கா கொப்பித்தாளை மடித்து, சோற்றை நசித்துப் பூசி, இறுக்கமாக அடைத்திருந்தார். நெற்றியில் ஒட்டிய காகிதத்தில் அத்தானின் உருண்டைக் கையெழுத்தில் ‘களை எடுப்பு - பக்கத்து வளவு அக்கா’ என்று இருந்தது. அதன் மேல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அக்காவின் சாய்ந்த எழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘கடிதம்’. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சோறு பிடி விடவில்லை.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். சுவிசுக்கு வருமுன் வன்னியில் ஒரு கிராமத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கலியாணம், கோயில் திருவிழா, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்தான் மரத்தில் ஏறும். தொழிலுக்கென்று வாங்கிய ரேப் ரெக்கோடரைத் தொழில் இல்லாத நாட்களில் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், பாடுகிறவர்களைப் பதிந்து வருவார். மேடையில் பாடுகிறவர்களை அல்ல. வலை இழுக்கும்போது பாடுகிறவர், நெற்சூடு மிதிக்கும்போது மாட்டோடு பேசிப் பேசிப் பாடுகிறவர், கூத்தில் இரண்டாம் வரியை மட்டும் வாங்கிப் பாடுகிறவர் என்று, தங்களைப் பாட்டுக்காரர் என்று யாராவது சொன்னால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர்தான் அக்கா வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்த பெண். வயலில் களை எடுக்கும்போது அவர் பாட்டைத் தொடங்கினால் வரிசையில் நிற்கிறவர்கள் அந்த வேகத்துக்குத்தான் குனிவார்களாம். அத்தான் அவரை வரம்பில் இருத்தி, மைக்கைக் கையில் கொடுத்து, ஒரு கசற் முழுவதும் பாட வைத்திருக்கிறார்.

அக்காவின் வயிற்றில் மூன்று மாதம் என்றபோது அத்தான் புறப்பட்டார். பாட்டுக் கசற்றுகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் அடுக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் நானும் வந்து சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவன், லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் அத்தானுக்குப் பக்கத்தில் நின்று சட்டி தேய்த்தேன். ஹோட்டலின் கூரைக்குக் கீழே எங்களுக்கு ஒரு அறை. முன்பக்க அறைகளுக்குப் பெரும் பணம் கொடுத்து வருகிறவர்கள் ஏரியைப் பார்த்தார்கள். எங்கள் யன்னல் அடுத்த கட்டடத்தின் புகைபோக்கியைப் பார்த்தது.

அங்கேதான் முதல் கசற் வந்தது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் அப்போது பற்றரி போகாது, புதுக் கசற் போகாது. அக்காவுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாக எழுதுவார். ஆனால் பிறந்த குழந்தையின் அழுகையை எழுதி அனுப்ப முடியாதல்லவா? கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுத்துவிட்ட அந்தப் பொட்டலத்தை அத்தான் ஈரக்கையோடு பிரித்தார். தன் எழுத்தைக் கண்டார், அதன் மேல் கோட்டைக் கண்டார். “ஐயோ, என்ரை களை எடுப்பு!” என்று தலையில் கை வைத்தார். பிறகு கசற்றைப் போட்டார். “இஞ்சாருங்கோ, நான் கதைக்கிறன். கேக்குதோ?” என்று அக்காவின் குரல் வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தார். தலையில் வைத்த கை அப்படியே இருந்தது.

குரல் அக்காவுடையதுதான். ஆனால் அது ஒரு வசனத்துக்குள்ளேயே குழந்தைக் குரலாகிக் கீச்சிட்டு, மறுபடி பெண் குரலாகி, திடீரென்று ஆண் குரலாக இழுபட்டது. அத்தானுக்குக் காரணம் உடனே தெரிந்தது. பற்றரி இல்லாத ஊரில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லு டைனமோவில் வயர் எடுத்து ரெக்கோடருக்குக் கொடுப்பார்கள். ஒருவர் நிலத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் ரேப் மெல்ல ஓடும். அப்படி மெல்லப் பதிந்தது, இங்கே சரியான வேகத்தில் ஓடும்போது கீச்சுக் குரலாகிவிடும். உற்சாகம் வந்து வேகமாகச் சுற்றினால் மறுவளம், குரல் தடித்துவிடும். கடிதத்தின் நடுநடுவே அக்காவே, “கொஞ்சம் கெதியாச் சுத்துங்கோவன்” என்று யாரையோ கெஞ்சுவது கேட்கும். பக்கத்து அறையில் இருந்த போர்த்துக்கேயச் சமையல்காரர், நாங்கள் சிறுபிள்ளைகளின் கார்ட்டூன் போட்டுப் பார்க்கிறோம் என்று கன நாள் நினைத்திருந்தார்.

அத்தான் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் கேட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. எனக்கே மனப்பாடம். மாமரம் காய்த்தது, கூரைக்குக் கிடுகு மாற்றியது, பிள்ளைக்கு உங்கள் மூக்கு என்று ஊரே சொல்வது, அந்த மூக்கை நினைத்து நான் கவலைப்படுவது என்று கடிதம் போகும். பாதியில் குழந்தையின் அழுகை. “கொஞ்சம் பொறுங்கோ, இவள் எழும்பிட்டாள்” என்று அக்கா எழுந்து போய்விடுவார். அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்குச் சங்கிலியின் ‘கிறிச் கிறிச்’ மட்டும்தான். முதல் நாளிலிருந்தே, அந்த இடம் வந்ததும் அத்தானின் பெருவிரல் தானாக நகரும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய பெருவிரல். பொத்தானை அழுத்தி ரேப்பைச் சத்தமில்லாமல் வேகமாக முன்னால் ஓடவிடுவார். எங்கே நிறுத்தினால் அக்கா திரும்பி வருவார் என்று அவருக்குச் சுருளின் தடிப்பைப் பார்த்தே தெரியும். ஒரு சொல்கூடத் தவறாமல் “ஆ, வந்திட்டன்” என்ற இடத்தில் வந்து நிற்பார். “பாத்தியோ மச்சான், சரியா ஸ்ரேசனிலை இறங்கிட்டன்” என்பார். அந்தத் திறமையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

இப்படிப் பல கசற்றுகள் வந்தன. ஒவ்வொன்றாக அத்தானின் பாட்டுக்காரர்கள் அக்காவின் கடிதங்களுக்குக் கீழே போனார்கள். சில வருடங்களில் அக்காவும் குழந்தையும் வந்து சேர்ந்தபோது மிச்சக் கசற்றுகளும் சப்பாத்துப் பெட்டியோடு வந்தன. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடி தொடங்கியது. யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும், சாப்பாடு முடிந்து கோப்பி வரும்போது அத்தான் ஆரம்பிப்பார்.

“என்ரை மனுசியைச் சாதாரணமா நினைக்காதேங்கோ. ஒரு பகுதியின்ரை பாட்டுக்காரர் முழுப்பேரையும் தனி ஆளா முடிச்சவ.”

“ஓம், முடிச்சன்தான்,” என்பார் அக்கா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. “பிறகு ஆரின்ரை குரலைக் கேட்டு ஹோட்டல் தலையணை எல்லாம் நனைச்சனீங்கள்?”

“நான் அழுதது பாட்டு அழிஞ்சதுக்கு.”

“தம்பி பக்கத்துக் கட்டிலிலை இருந்தவன். கேப்பமோ?”

நான் எந்தப் பக்கமும் சேரமாட்டேன். இரண்டு தரப்பையும் கேட்டு எழுதிப் பழகியவன்.

அத்தான் இப்போது ஓய்வில் இருக்கிறார். ஆனால் பாட்டுக்காரர்களைத் தேடும் பழக்கம் ஓயவில்லை. பழைய சாமான் விற்கும் கடைகளுக்குப் போய், மற்றவர்கள் எறிந்த கசற் டெக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பழுது பார்த்து அடுக்கி வைத்திருக்கிறார். அங்கே கிடக்கும் கசற்றுகளில் ஏதோ ஒரு மலைக் கிராமத்துப் பால்காரரும் தச்சரும் சேர்ந்து, மாடு கூப்பிடும் யோடல் பாட்டுப் பாடியது அகப்பட்டால் அதையும் வாங்கிவிடுவார். “இவையையும் ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டினம்” என்பது அவருடைய கணிப்பு. அவருடைய அலுமாரியில் வலை இழுக்கிற முல்லைத்தீவுக்காரரும் மாடு கூப்பிடுகிற என்ட்லிபூ மலைக்காரரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். குழந்தையாகக் கசற்றில் அழுத என் மருமகள், சூரிச்சில் ஒரு நாடக அரங்கில் ஒலி வேலை செய்கிறாள். தப்பிய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை அவளும் தகப்பனும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்கிறார்கள். நான் சூரிச்சின் ஓர்லிகோனிலிருந்து லுசேர்ணுக்கு ரெயில் எடுத்துப் போய், சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

வேடிக்கை பார்த்தவன் சும்மா இருக்கவில்லை. போன வருடம் இங்கே வரும் ஒரு தமிழ் மாத இதழுக்கு இதைப்பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அத்தானின் பெட்டி, தப்பிய பாட்டுகள், அக்காவின் கடிதத்தில் அழிந்துபோன களை எடுப்புப் பாட்டு, சோறு பூசிய துவாரம் எல்லாம் அதில் இருந்தது. படித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். ஒருவர் சிரிக்கவில்லை.

ஆராவ் நகரத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். கட்டுரையில் வந்த கிராமத்தின் பெயரைக் கேட்டார், வளவின் அடையாளத்தைக் கேட்டார், பிறகு சொன்னார்: “அண்ணை, அது என்ரை அம்மா.”

அடுத்த வாரம் அவர் லுசேர்ணுக்கு வந்தார். மூன்று முறை நேரத்தை உறுதிப்படுத்திவிட்டு, சொன்ன நேரத்துக்கு மணியை அடித்தார். அக்காவுக்கு அவரைச் சிறுமியாக நினைவிருந்தது. கட்டிப்பிடித்தார், ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தார். ரோல்ஸ் தொடப்படாமல் இருந்தது. தாய் இறந்தபோது தனக்கு ஏழு வயது என்றார் அவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. “முகம் கொஞ்சம் ஞாபகம் இருக்கு, அன்ரி. இல்லாட்டி ஞாபகம் எண்டு நானே கீறி வைச்சிருக்கிறனோ தெரியாது. ஆனால் குரல் சுத்தமா இல்லை. அதிலை ஒண்டும் மிஞ்சேல்லையோ?”

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். கசற்றை எடுத்துப் போட்டார். கடிதம் ஓடியது. மாமரம், கிடுகு, மூக்கு. எங்களை எத்தனையோ முறை சிரிக்க வைத்த கீச்சுக் குரல் அன்று யாரையும் சிரிக்க வைக்கவில்லை. ஆராவ் தங்கச்சி முழங்கையை மடியில் ஊன்றி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “கொஞ்சம் பொறுங்கோ” வந்ததும் அத்தானின் பெருவிரல் நகர்ந்தது. “ஆ, வந்திட்டன்.” கடைசிவரை அக்காவின் குரல்தான். மறுபக்கமும் அதேதான். அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். அக்கா ரோல்ஸைக் கட்டிக் கொடுத்தார்.

கதவு மூடியதும் அக்கா என்னைப் பார்த்தார். “நீ எழுதாமல் விட்டிருந்தால், தம்பி, இது பகிடியாவே இருந்திருக்கும்.” கோபம் இல்லை. அத்தான் கசற்றைத் திரும்பத் திரும்ப உறையில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகத் தான் சொல்லிச் சிரித்த வார்த்தை, “முடிச்சவ” என்பது, அந்த அறையில்தான் இன்னும் நின்றது. அதன் பிறகு இரண்டு குடும்பக் கொண்டாட்டங்களில் கோப்பி வந்தது. பகிடி வரவில்லை.

மருமகள் கசற்றைச் சூரிச்சுக்குக் கொண்டுபோனாள். மேலே பதிந்தது சரியாகப் பதியாவிட்டால் கீழே இருப்பது சில வேளை கொஞ்சம் மிஞ்சும் என்றாள். அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். “ஏதும் வந்ததோ?” “இல்லை அம்மா.” கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. அக்காவின் அடைப்பு அவ்வளவு இறுக்கம்.

பிறகு ஒரு நாள் நான் ஓர்லிகோன் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மருமகள் அழைத்தாள்.

“மாமா, ஒரு விசயம் விளங்கேல்லை. ரேப் ஓடின வேகத்தைக் கோடாப் போட்டுப் பாத்தனான். அம்மா கதைக்கிற இடமெல்லாம் கோடு மலை மாதிரி ஏறி இறங்குது. அம்மா எழும்பிப் போன இடத்திலை மட்டும் ஏரி மாதிரி நேரா இருக்கு.”

“எந்த இடம்?”

“அப்பா ஓடவிடுற இடம்.”

கடைக்காரர் முருங்கைக்காயை என் கையிலிருந்து வாங்கி நிறுக்கத் தொடங்கினார்.

“பெடலைச் சுத்தினது ஆர் எண்டு அம்மாட்டைக் கேளுங்கோ,” என்றாள். “நான் கேட்டால் ஏன் எதுக்கு எண்டு தொடங்குவா. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்கோ. ஆராவிலை இருந்து அவவும் வரட்டும்.” மேலே எதுவும் சொல்ல மறுத்துவிட்டாள்.

அக்காவிடம் கேட்டேன். “ஆர் எண்டு எனக்கென்ன தெரியும்? வாற போற எல்லாரையும் பிடிச்சு இருத்துறதுதான்” என்றார். வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார். “தம்பி, பின்னேரத்திலை எண்டால் பக்கத்து வளவு அக்காதான் வந்து சுத்துறவ. அவவுக்குத்தான் கை நோகாது.”

ஞாயிற்றுக்கிழமை லுசேர்ணில் மழை. மருமகள் மேசையில் மடிக்கணினியையும் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளையும் வைத்தாள். ஆராவ் தங்கச்சி ஒலிபெருக்கிக்கு மிகக் கிட்ட, மேசையில் கை வைத்து இருந்தார். எதிர்பார்ப்பைக் காட்டக்கூடாது என்று முகத்தை வைத்திருப்பது தெரிந்தது. வேலையில் முதியவர்களின் முன்னால் அப்படிப் பழகியிருக்கலாம். அத்தான் தன் வலது கையை இடது அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் பொறுங்கோ, இவள் எழும்பிட்டாள்” என்று முப்பது வயது குறைந்த அக்கா எழுந்து போனார். சங்கிலி. மருமகள் எதையோ நகர்த்தினாள், சங்கிலியின் சத்தம் பின்னால் போனது. முதலில் அது சீராகியது. ‘கிறிச்... கிறிச்...’ என்று, யாரோ தாளம் பிடித்ததுபோல. அதன் மேல், தூரத்திலிருந்து, மைக்கைப்பற்றி ஒரு நினைவும் இல்லாத ஒரு பெண்ணின் குரல்:

ஆரைக் கேட்டு முளைச்சாய் புல்லே
அயலார் வயலில் இடமா இல்லை
வேரைப் பிடிச்சால் விடவா போறன்
வெயிலே கொஞ்சம் பொறுத்து வாவேன்

வயலில் ஒரு வரிசையையே தன் வேகத்துக்குக் குனிய வைத்த பாட்டு, அன்று ஒரு சைக்கிள் சில்லை நேராக ஓட வைத்திருக்கிறது. அக்கா கதைக்கும்போது அவருக்குப் பாட இடமில்லை, கடிதத்துக்குக் காது கொடுத்து ஒழுங்கில்லாமல் சுற்றியிருக்கிறார். அக்கா எழுந்து போனதும் கை தன் பழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது.

நான்கு வரியையும் இரண்டு தரம் பாடினார். பிறகு பாட்டு சட்டென்று நின்றது. “பிள்ளை, கையை எடு! சங்கிலி கடிச்சுப்போடும்.”

ஆராவ் தங்கச்சி மேசையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

யோசித்துச் செய்ததல்ல. இழுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். சிரித்தார், கண்ணீரும் வந்தது. அக்கா போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் தாய் இன்னும் முடிக்கவில்லை. “உவள் எங்கை போட்டாள்? பால் குடுக்கப் போனாளோ, மாடு பிடிக்கப் போனாளோ. கை விட்டுப்போச்சு” என்று தனக்குத்தானே முறைப்பட்டார். பிறகு ஓடி வரும் காலடி. அக்காவின் குரல்: “அக்கா! இன்னுமோ சுத்துறியள்? ரேப் எல்லே வீணா ஓடுது!”

“நீ நிப்பாட்டச் சொல்லேல்லையே, பிள்ளை.”

“ஆ, வந்திட்டன்” என்று கடிதம் தொடர்ந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. அக்கா சிரித்த சிரிப்பில் மருமகள் எழுந்து யன்னலைப் பூட்டினாள். கீழ்வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை சத்தம் ஆகாது.

“இப்ப சொல்லுங்கோ,” என்று அக்கா அத்தானின் பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் அடக்கி வைத்தது முழுவதும் அந்தக் குரலில் இருந்தது. “முப்பது வருசமாப் பாட்டுக்காரரை முடிச்சது ஆர்? நானோ, உங்கடை பெருவிரலோ?”

அத்தான் அக்குளுக்குள்ளிருந்து கையை எடுத்துப் பெருவிரலைப் பார்த்தார். “நான் ஒழுங்கா ஸ்ரேசனிலை இறங்கினனான் எண்டு நினைச்சன்,” என்றார். “ஊரைத் தாண்டிப் போய் இறங்கியிருக்கிறன்.”

“தம்பி, இதையும் எழுது,” என்றார் அக்கா.

எழுதுகிறேன். அத்தானின் முதல் பதிவு, அவர் மைக்கைக் கையில் கொடுத்து வரம்பில் இருத்திப் பதிந்தது, போனது போனதுதான். அது இதைவிடத் துலக்கமாக இருந்திருக்கும் என்று அவர் இன்றும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அதில் அந்தப் பெண் தன் பிள்ளையை அதட்டியிருக்க மாட்டார்.

மருமகள் சங்கிலிச் சத்தத்தை முழுதாக நீக்கிய ஒரு பிரதியும் செய்து வைத்திருந்தாள். அதை ஆராவ் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினாள். அவர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். “சங்கிலியோடையே தாங்கோ,” என்றார். “அது அம்மான்ரை கை.” பிறகு அடுத்தடுத்து ரோல்ஸ் சாப்பிட்டார். போன தடவைக்கும் சேர்த்து என்று அத்தான் சொன்னார்.

அவர் புறப்படும்போது அக்கா கசற்றை எடுத்து வந்தார். அத்தான் மறுக்கவில்லை. கொடுக்குமுன் அக்கா யன்னல் வெளிச்சத்தில் நின்று, அதன் முதுகில் இருந்த அடைப்பை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. “அந்தக் காலத்து நெல்லு, லேசிலை விடாது” என்று அத்தான் தன் திருப்புளியைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா நுனியை விட்டு நெம்பினார். ஒன்று வந்தது. மற்றதும் வந்தது. மஞ்சளாகிய இரண்டு தாள் துண்டுகள். ஒன்றில் நீலக் கோடு இன்னும் தெரிந்தது.

“இனி இதுக்கு மேலை ஒருத்தரும் கதைக்கேலாது,” என்று சொல்லிக் கசற்றை ஆராவ் தங்கச்சியின் கையில் வைத்தார். “நானும்தான்.”

போன வாரம் லுசேர்ணுக்குப் போயிருந்தேன். சப்பாத்துப் பெட்டியில் அந்தக் கசற் இருந்த இடத்தில் ஒரு வெற்று உறை இருக்கிறது. ஆட்டினால் உள்ளே இரண்டு தாள் துண்டுகள் சத்தம் போடும். உறையின் நெற்றியில் அத்தான் புதிதாக எழுதிய உருண்டை எழுத்து: ‘களை எடுப்பு - பக்கத்து வளவு அக்கா’. அதன் கீழே கோடு எதுவும் இல்லாமல், அக்காவின் சாய்ந்த எழுத்து: ‘நடுவில் ஓடவிடக் கூடாது’.